பாதரசத்தின் உயரமும் பாஸ்கலும்

அழுத்தத்தை மில்லிமீட்டரில் சொல்வது விந்தையாகத் தோன்றலாம். நீளத்தின் அளவு அழுத்தத்திற்கு எவ்வாறு பொருந்தும்? இத்தாலியரான டாரிசெல்லி 1644இல் விவரித்த பாதரசக் குழாயிலிருந்து வந்த வழக்கம் இது. குழாயில் நிற்கும் பாதரசத்தின் எடையை வெளிக்காற்று தாங்குகிறது. கடல்மட்டத்தில் அதன் உயரம் சுமார் 760 மில்லிமீட்டர். குழாயை அகலமாக்கினால் எடை கூடும். தாங்கும் பரப்பும் அதே விகிதத்தில் கூடும். ஆதலால் அகலம் கணக்கிலிருந்து நீங்கிவிடுகிறது, உயரமே எஞ்சுகிறது.

மாற்று எண்களை நெட்டுருப் போடுவதை நான் அவ்வளவாக விரும்புவதில்லை. உயரத்தோடு அடர்த்தியையும் புவியீர்ப்பு முடுக்கத்தையும் பெருக்குங்கள்: 0.76 × 13,600 × 9.8. விடை ஏறக்குறைய 1,01,300 பாஸ்கல். ஒரு சதுர மீட்டர்மீது ஒரு நியூட்டன் விசை செயற்பட்டால் அது ஒரு பாஸ்கல். 1971இல் ஏற்கப்பட்ட பெயர். 760ஆல் வகுத்தால், ஒரு மில்லிமீட்டர் பாதரசம் 133 பாஸ்கல் ஆகும்.

இடறும் இடம் வேறு. மருத்துவர் 120 என்று குறிக்கும் இரத்த அழுத்தம் சுமார் 16,000 பாஸ்கல். வளிமண்டல அழுத்தத்தில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. அவ்வாறாயின் இரத்தக்குழாய் நசுங்கிவிடாதா? நசுங்காது, 120 என்பது வெளிக்காற்றின் அழுத்தத்திற்கு மேற்பட்ட மிகுதி மட்டுமே. மொத்தம் 880.

மோட்டார் டயரின் அழுத்தமானியும் இத்தகையதே. அது சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு காட்டுகையில், வெளிக்காற்றின் 14.7 பவுண்டும் சேர்ந்து உள்ளே 44.7 இருக்கும். பாயில் விதியில் இடவேண்டிய எண் இதுவே. மானி 15க்கு இறங்கினால் அழுத்தம் பாதியாயிற்று என்பாரும் உளர். உண்மையில் 44.7 என்பது 29.7 ஆயிற்று; குறைந்தது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே.