பளபளப்பும் நாதமும்

ஆடிக் கிருத்திகை நாளில் திருத்தணி மலையில் காவடிகளோடு பம்பையும் நாதசுரமும் முழங்கும். நம் ஆலயத் தேர்ப்பவனியிலோ பேண்டு வாத்தியம் முன்னே செல்லும். 1960 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்து, இன்றும் தமிழும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும் அந்த எல்லையூரில், இசைக்கு மட்டும் எல்லைக்கோடு இல்லை.

அத்தகைய ஊர்களின் பங்கு இளைஞர்கள் வாத்தியக் குழு அமைக்க விரும்பினால், வீடுதோறும் சேர்ந்த காணிக்கைப் பணமே அவர்களது மூலதனம். மீரட் நகரிலிருந்து வரும் ட்ரம்பெட்டுகள் கடையில் மின்னும்போது, எந்த முலாம் வாங்குவது என்னும் கேள்வி எழும்.

செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளையை வியர்வையின் உப்பு அரிக்கும். அதைத் தடுப்பதே மேற்பூச்சின் முதற் பணி. லேக்கர் எனப்படும் நிறமற்ற பூச்சு மலிவானது. ஆயினும் கை பிடிக்கும் இடத்தில் விரைவில் உரியும். நிக்கல் முலாம் கடினமானது, நெடுநாள் உழைப்பது. ஆனால் சிலருக்கு உதட்டிலும் கையிலும் அரிப்பை உண்டாக்கும். வெள்ளி முலாம் வியர்வையை நன்கு தாங்கும்; எனினும் காற்றிலுள்ள கந்தகத்தால் கறுக்கும். திருவிழா வாணவேடிக்கைப் புகையிலும் கந்தகம் உண்டு. ஆகவே வாசித்து முடித்ததும் மென்துணியால் துடைத்தல் வேண்டும். புளியும் சாம்பலும் குத்துவிளக்குக்கு ஆகும், முலாமுக்கு ஆகா.

மின்சாரத்தால் வெள்ளி முலாம் பூசும் முறைக்கு இங்கிலாந்தின் எல்கிங்டன் குடும்பத்தார் 1840-இல் காப்புரிமை பெற்றனர். அதில் பயன்படும் சயனைடு கொடிய நஞ்சு. எனவே முலாமிடுதல் வீட்டு முற்றத்தில் செய்யும் வேலையன்று. மேலும், பழைய கருவிக்கு மறுமுலாம் இடுமுன் அதைத் தேய்த்து மெருகிடுவர். ஒவ்வொரு முறையும் தகடு மெலியும் என்பதை மறவாதிருத்தல் நன்று.

முலாம் மாறினால் ஓசை மாறுமா? தலைமயிரினும் மெல்லிய படலம் அது. சுருதியைத் தீர்மானிப்பவை குழலின் அளவும், வாய்முனையின் வடிவும், ஊதுபவரின் மூச்சுமே. எனவே முதலில் ஊதிப் பார்த்துச் சுருதியைச் சோதியுங்கள். வால்வுகள் தடையின்றி இயங்குகின்றனவா என்று பாருங்கள். உடலுக்கு லேக்கர் போதும். உதடு படும் வாய்முனைக்கு மட்டும் வெள்ளி முலாமோ, இயன்றால் தங்க முலாமோ தேர்ந்தெடுங்கள். மிஞ்சும் பணம் சிறுவர்க்கு இசை கற்பிக்கும் ஆசிரியரின் ஊதியத்துக்கு உதவட்டும்.

இரண்டு வெள்ளி எக்காளங்களை அடிப்பு வேலையாகச் செய்யுமாறு ஆண்டவர் மோசேக்குக் கட்டளையிட்டதை எண்ணிக்கை நூலின் பத்தாம் அதிகாரத்தில் காண்கிறோம். ஒன்றை ஊதினால் தலைவர்கள் கூடுவர். இரண்டையும் ஊதினால் மக்கள் அனைவரும் கூடுவர். வெள்ளியே ஆயினும், அவற்றின் பயன் மக்களை ஒன்றுகூட்டிய ஓசையில் இருந்தது. நம் பங்கின் எக்காளமும் அவ்வண்ணமே மக்களை இறைவன் முன் கூட்டுவதாக!