முள்ளின் நீளத்தில் பதிந்த கடலின் உப்பு

கடலடிக் களிமண்ணை முதலில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைக்கிறார்கள். அதிலுள்ள சுண்ணாம்பு நுரைத்துக் கரைந்துவிடுகிறது. அடுத்து ஹைட்ரோஃபுளூரிக் அமிலம். கண்ணாடியையே அரித்துவிடும் அந்த அமிலத்தில் மணலும் களிமண் தாதுக்களும் காணாமல் போகின்றன. இரண்டுக்கும் தப்பிய கசடைச் சன்னமான சல்லடையில் அலசி, ஒரு சொட்டை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால், மகரந்தத் தூளுக்கும் கரித்துகளுக்கும் நடுவே உடம்பெல்லாம் முள்ளாகச் சில உருண்டைகள் கிடக்கும், ஆமணக்குக் காயைச் சுருக்கி வைத்ததுபோல. அப்படிக் கிடைக்கும் உருண்டைகளில் ஒன்றின் பெயர் லிங்குலோடினியம் மக்கேரோஃபோரம். சுமார் 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, பேலியோசீன் காலம் முடியும் தறுவாயில் கடற்படிவுகளில் தலைகாட்டிய இந்தச் சிற்றினம், இன்றைய கடலடிச் சேற்றிலும் கிடைக்கிறது.

இது டைனோஃபிளாஜெல்லேட் எனப்படும் ஒருசெல் உயிரியின் ஓய்வுக்கூடு. ஆய்வாளர்கள் சிஸ்ட் என்பார்கள். இரண்டு கசையிழைகளை வீசிச் சுழன்று நீந்தும் இந்த உயிரிகள், பாலினச் சேர்க்கைக்குப் பிறகு தடித்த சுவர் ஒன்றை எழுப்பிக்கொண்டு கடலடியில் இறங்கி உறங்குகின்றன. தண்ணீர் தோதாக மாறும்போது சுவரில் ஒரு வாசலைத் திறந்துகொண்டு உயிரி வெளியேறிவிடும். காலிக் கூடு சேற்றில் தங்கிவிடும். நீந்தும் பருவத்தில் உடலைப் போர்த்தியிருக்கும் செல்லுலோஸ் தகடுகள் சீக்கிரமே மட்கிப் போகின்றன. கூட்டின் சுவரோ டைனோஸ்போரின் என்ற கரிமப் பொருளால் ஆனது. ஆய்வகத்தின் அமிலங்களுக்கே அது மசிவதில்லை என்றால், கோடி ஆண்டுகளைத் தாண்டி வந்ததில் வியப்பில்லை.

இவை என்ன என்பது நெடுங்காலம் விளங்காமலே இருந்தது. 1830-களில் ஜெர்மனியின் கிறிஸ்டியான் எரன்பெர்க், கிரெட்டேசியஸ் காலச் சக்கிமுக்கிக் கல்லின் மெல்லிய சில்லுகளில் முள் உருண்டைகளைக் கண்டு, நன்னீர்ப் பாசியான சாந்திடியம் என்று கருதினார். 1933-ல் ஓட்டோ வெட்சல் இவற்றுக்கு ஹிஸ்ட்ரிக்கோஸ்ஃபேரா என்று புதுப் பெயர் வைத்தார். எந்த உயிரியைச் சேர்ந்தவை என்று தெரியாத முள் உருண்டைகளெல்லாம் அந்த வகையறாவுக்குள் வந்து குவிந்தன.

நம் சிற்றினத்துக்குப் பெயர் வந்தது 1955-ல். பாரிசைச் சேர்ந்த ஜார்ஜ் டெஃப்லாண்ட்ரும் மெல்பர்னைச் சேர்ந்த இசபெல் குக்சனும் ஆஸ்திரேலியப் படிவுகளின் நுண்மிதவை உயிரிகளைப் பற்றி எழுதிய கட்டுரையில், விக்டோரியா மாநிலத்தின் பால்கம் விரிகுடா மயோசீன் படிவிலிருந்து கிடைத்ததை ஹிஸ்ட்ரிக்கோஸ்ஃபேரிடியம் மக்கேரோஃபோரம் என்று விவரித்தார்கள். அதே கட்டுரையில் இன்னொரு முள் உருண்டையும் ஹிஸ்ட்ரிக்கோஸ்ஃபேரிடியம் சென்ட்ரோகார்ப்பம் என்று அதே பேரினத்தில் இடம்பெற்றது. உருண்டை, முள், ஏறக்குறைய ஒரே அளவு. அன்றைய கண்ணுக்கு இரண்டும் உறவுக்காரர்கள்தான்.

அந்தக் கண்ணை மாற்றியவர் அமெரிக்காவின் வில்லியம் எவிட். 1961-ல் அவர் கவனித்தது முள்ளை அல்ல, சுவரில் இருந்த ஓட்டையை. முந்தையவர்கள் பலர் உடைசல் என்று விட்டுவிட்ட ஓட்டை அது. ஒரே சிற்றினத்தின் கூடுகளில் அது திரும்பத் திரும்ப ஒரே இடத்தில், ஒரே வடிவத்தில், நேரான விளிம்புகளும் கோணங்களுமாக இருந்தது. நீந்தும் டைனோஃபிளாஜெல்லேட்டின் கவசத்தில் எந்தத் தகடு எங்கே இருக்குமோ, அந்தத் தகட்டின் அச்சாகவே ஓட்டை இருந்தது. எவிட் அதற்கு ஆர்க்கியோபைல் என்று பெயரிட்டார். உயிரி வெளியேறிய வாசல் அது என்றால், முள் உருண்டைகளில் பெரும்பாலானவை டைனோஃபிளாஜெல்லேட்டின் கூடுகளாகத்தான் இருக்க வேண்டும். உடைசலாக ஒதுக்கப்பட்டதை இத்தனை பொறுமையாகப் பார்த்ததுதான் இந்தத் துறை எழுந்து நிற்கும் அடித்தளம் என்பேன்.

உயிருள்ள சான்றும் கைவசம் இருந்தது. கோனியாலாக்ஸ் பாலிஹெட்ரா என்ற, 1883-ல் ஃபிரீட்ரிஷ் ஸ்டைன் பெயரிட்ட கடல் உயிரி முள்ளுள்ள கூடு கட்டுவதை 1951-லேயே நார்வேயில் நோர்ட்லி பதிவு செய்திருந்தார். அதே உயிரிதான் இரவில் நீல ஒளி வீசுவது. வெளிச்சம் மாறாமல் வைத்த ஆய்வகத்திலும் அதன் ஒளி நாளுக்கு ஒருமுறை கூடிக் குறைவதை 1950-களில் கலிஃபோர்னியாவில் ஹேஸ்டிங்சும் ஸ்வீனியும் காட்டியபோது, உயிர்க் கடிகாரம் பற்றிய ஆய்வுக்கே அது முன்மாதிரி உயிரியானது. 1960-களில் டேவிட் வாலும் பேரி டேலும் சேற்றிலிருந்து எடுத்த உயிருள்ள கூடுகளை ஆய்வகத்தில் வைத்துக் காத்திருந்து, உள்ளிருந்து நீந்தி வருவது எது என்று கண்ணால் பார்த்தே பல கூடுகளுக்கு உரியவரைக் கண்டுபிடித்தார்கள்.

1967-ல் டேவிட் வால் பழைய பேரினத்தைப் பிரித்தார். மக்கேரோஃபோரம் லிங்குலோடினியத்துக்கும் சென்ட்ரோகார்ப்பம் ஆப்பெர்குலோடினியத்துக்கும் போயின. நுண்ணோக்கியில் இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் காரணம் புரியும். ஆப்பெர்குலோடினியத்தின் வாசல் ஒரே ஒரு தகடு விழுந்த இடைவெளி. லிங்குலோடினியத்தில், உடலின் நடுவே ஓடும் பள்ளத்துக்குச் சற்று மேலே அடுத்தடுத்து இருக்கும் தகடுகளில் ஒன்று முதல் ஐந்து வரை கழன்று விழும். ஐந்தும் விழுந்த கூட்டில் மேற்புறம் வாயைப் பிளந்ததுபோல் இருக்கும். அந்த விளிம்பில்தான் தகடுகளின் கோணங்கள் தெரியும். மற்றபடி உடலில் தகட்டுக் கோடு எதுவும் தெரியாது. உடலின் விட்டம் பெரும்பாலும் 30-க்கும் 55 மைக்ரோமீட்டருக்கும் இடையில். சுவரின் மேற்பரப்பு குருணை குருணையாக இருக்கும். முட்கள் அடியில் அகன்று, உள்ளே பொள்ளலாக, நுனி நோக்கிக் கத்திபோல் கூம்பி மூடியிருக்கும். நல்ல லென்சில் நுனியருகே மிகச் சிறிய முள்துணுக்குகளும் தெரியும்.

வகைப்பாட்டாளர்களைச் சோதித்தது இந்த முட்கள்தான். சில கூடுகளில் அவை நீளம்; சிலவற்றில் குட்டை; சிலவற்றில் நுனி கூர்மையில்லாமல் குண்டாந்தடிபோல் பருத்திருக்கும்; அபூர்வமாக முள்ளே இல்லாத மொட்டை உருண்டை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் சூட்டிவிட ஆசை வரும். 1995-ல் கோகினோசும் ஆண்டர்சனும் ஆய்வகத்தில் வளர்த்த உயிரிகளைப் பார்த்து எழுதியது அந்த ஆசைக்கு அணை போட்டது. கூடு உருவாகும்போது வெளிச்சவ்வு பலூன்போல் உப்புகிறது. உள்ளிருக்கும் உடலிலிருந்து முட்கள் அந்தச் சவ்வை நோக்கி வளர்கின்றன. சவ்வு எப்போது கிழிகிறது என்பதைப் பொறுத்து முள்ளின் இறுதி வடிவம் மாறுகிறது. வளர்ப்பில் வைத்த ஒரே சிற்றினத்திலிருந்து பலவகை முட்கள் கொண்ட கூடுகள் வந்தன. முள்ளின் நீளத்தை வைத்துப் புதுச் சிற்றினம் படைப்பது சரியில்லை என்று ஆனது. வாசலை நம்பு, முள்ளைச் சந்தேகப்படு: என் பார்வையில் இதைவிடப் பயனுள்ள பாடம் இந்தச் சிற்றினத்தில் இல்லை.

பெயர்ச் சிக்கல் அத்தோடு தீரவில்லை. நீந்தும் உயிரிக்குக் கோனியாலாக்ஸ் பாலிஹெட்ரா என்று ஒரு பெயர், அதன் கூட்டுக்கு லிங்குலோடினியம் மக்கேரோஃபோரம் என்று வேறொரு பெயர். பாசி, பூஞ்சை, தாவரங்களுக்கான பன்னாட்டுப் பெயரிடல் விதிகள் டைனோஃபிளாஜெல்லேட்டுகளின் புதைபடிவத்துக்கும் வாழும் உயிரிக்கும் தனித்தனிப் பெயரை அனுமதிக்கின்றன. 1989-ல் ஜான் டாட்ஜ் வாழும் உயிரியைக் கோனியாலாக்சிலிருந்து லிங்குலோடினியத்துக்கு மாற்றினார். அது புதைபடிவத்தை அடிப்படையாகக் கொண்டு நிறுவிய பேரினம் என்பதால் இரண்டு வரிசைகளும் கலந்துபோயின. 2024-ல் ஹெட், மெர்டென்ஸ், ஃபென்சம் ஆகியோர் வாழும் உயிரிக்கு லிங்குலாலாக்ஸ் என்ற தனிப் பேரினத்தை முன்மொழிந்தார்கள். இரட்டைப் பெயர் வீண் சுமை என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அது நேர்மையாகவே படுகிறது. மயோசீன் பாறையில் கிடைக்கும் காலிக் கூட்டை யாரும் வளர்த்துப் பார்க்க முடியாது. அதிலிருந்து நீந்திப் போனது இன்றைய பாலிஹெட்ராதான் என்று சத்தியம் செய்யவும் முடியாது.

பெயர் வைக்க உதவாத முள் வேறொரு வேலைக்குப் பயன்பட்டது. கருங்கடலின் மேல்தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 18 கிராம் உப்புதான். பெருங்கடலில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. அங்கே கிடைக்கும் கூடுகளில் முட்கள் குட்டையாகவும் விதவிதமாகவும் இருப்பதை 1970-களிலேயே வால், டேல், ஹராடா ஆகியோர் விவரித்திருந்தார்கள். 2009-ல் மெர்டென்சும் சகாக்களும் உலகின் பல கடல்களிலிருந்து மேல்படிவுச் சேற்றைச் சேர்த்து அளந்தார்கள். ஒரு மாதிரிக்கு 50 கூடுகள். ஒவ்வொரு கூட்டிலும் கண்ணுக்குத் தெரியும் மிக நீளமான 3 முட்கள். முள்ளின் சராசரி நீளம் உப்பு கூடக்கூடக் கூடியது. தண்ணீரின் வெப்பத்துக்கும் அதில் பங்கு இருந்தது. எனவே உப்பை மட்டும் தனியே பிரித்துச் சொல்லும்போது கவனம் வேண்டும். முள் ஏன் நீள்கிறது என்பதற்கு, உப்பு கூடினால் நீரின் அடர்த்தி கூடும், முட்கள் கூடுகளை ஒன்றோடொன்று கொத்தாகச் சேர்த்து அவை மூழ்குவதை எளிதாக்கும் என்ற விளக்கம் முன்வைக்கப்பட்டது.

இந்த அளவுகோலைக் கொண்டு கருங்கடலின் அடியில் துளையிட்டு எடுத்த மண் உருளைகளை அதே குழுவினர் படித்தார்கள். கடந்த பல்லாயிரம் ஆண்டுகளில் மத்தியதரைக் கடலின் உப்புநீர் கருங்கடலுக்குள் எப்போது, எவ்வளவு வந்தது என்பது நெடுநாள் விவாதம். சிப்பிகளின் வேதியியல், கடல்மட்டக் கணக்கு என்று பல தரப்புச் சான்றுகள் அதில் மோதுகின்றன. அந்த வழக்கில் இப்போது இந்தக் கூட்டின் முள்ளும் ஒரு சாட்சி. ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் 50 கூடுகளைத் தேடிப் பிடித்து, நுண்ணோக்கியின் அளவுகோட்டை முள்ளின் அடியில் பொருத்தி, நுனிவரை அளந்து எழுதிக்கொள்ள வேண்டும்.