பெல்சித்தே பழைய ஊர், ஸ்பெயின்

இங்கே நிற்கும் இடிபாடு முழுவதையும் 1937 சண்டையின் கணக்கில் எழுதக் கூடாது. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில், அந்த ஆண்டு ஆகஸ்ட் இறுதியில் குடியரசுப் படை இவ்வூரை முற்றுகையிட்டு, வீடுவீடாகப் போரிட்டுக் கைப்பற்றியது. 1938 மார்ச்சில், குடியரசை எதிர்த்த தளபதி பிராங்கோவின் படை திரும்பப் பிடித்தது. அழிவு பெரிதுதான். ஆனாலும் மக்கள் 1960கள் வரை இதே தெருக்களில் குடியிருந்தார்கள். எதிரியின் கொடுமைக்குச் சான்றாக ஊரைப் பழுதுபார்க்காமல் விடச் செய்தார், போரில் வென்று ஆட்சிக்கு வந்த பிராங்கோ. பக்கத்தில் புது ஊர் எழும்பியது, அதில் கைதிகளின் உழைப்பும் கலந்தது. கடைசிக் குடும்பமும் வெளியேறிய பிறகு, கவனிப்பாரின்றிக் கூரைகள் சரிந்தன. குண்டு தொடங்கியதை அரசின் முடிவு தொடர்ந்தது.

இடிந்த தேவாலயமே எல்லாம் சொல்லுமே, பலகை எதற்கு என்று கேட்கலாம். 1975இல் பிராங்கோ இறக்கும்வரை அது ஒரு தரப்புக்காக மட்டுமே சாட்சி சொல்ல வைக்கப்பட்டது; அதனால்தான் விளக்கம் தேவைப்படுகிறது. அப்படியானால் புதுப்பித்துவிடலாமே என்பதும் நியாயமான கேள்வி. புதுப்பித்தால் போரின் தடயத்தோடு, அதைப் பிரசாரமாக்கியதன் தடயமும் அழியும். அந்த ஒருதலைச் சாட்சி சொல்லாமல் விட்டதும் உண்டு: 1936இல், முற்றுகைக்கு ஓராண்டு முன்பே, பிராங்கோ தரப்பினர் இவ்வூர்க் குடியரசு ஆதரவாளர்களைச் சுட்டுக் கொன்றார்கள். கல்லறைத் தோட்டத்துப் புதைகுழிகளிலிருந்து அவர்களுடைய எலும்புகளை எடுக்கும் பணி 2021இல்தான் தொடங்கியது.