ஆலய அகப்பக்கம் விரைந்து திறக்க வேண்டும் – ஏன்? எப்படி?

(ஆலயச் செயலவை உறுப்பினர், ஓய்வு பெற்ற ஆசிரியர்)



நமது அறநிதியின் புதிய அகப்பக்கம் விரைவில் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்து வைக்கப்படவுள்ளது. இதன் தொடர்பில் நன்கொடையாளர் சிலர் என்னிடம் உரிமையோடு ஒரு கேள்வி கேட்டார்கள். "ஐயா, மாதிரிப் பக்கத்தைக் காட்டியபோது முகப்பிலேயே எங்கள் படங்கள் வரிசையாக இருந்தனவே, இப்போது அவற்றைக் காணோமே?" என்றார்கள். நியாயமான கேள்வி. முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்றவன் என்ற முறையில், பதிலைச் சற்று விளக்கமாகவே சொல்ல விரும்புகிறேன்.

முதலில் என் தவற்றை ஒப்புக்கொள்கிறேன். அந்த மாதிரிப் பக்கத்தில் நன்கொடையாளர் படங்கள், கோபுரத்தின் பெரிய படங்கள், தானாகவே ஓடும் கும்பாபிஷேகக் காணொளி, பின்னணியில் நாதஸ்வர இசை எல்லாம் இருந்தன. காணொளியும் இசையும் அடியேன் சொன்ன யோசனைகள். ஆலய அலுவலகத்தின் வேகமான இணைப்பில் அது அழகாகத்தான் தெரிந்தது. அன்றிரவு, கோத்தா திங்கியைத் தாண்டி ஒரு தோட்டப்புறத்தில் வசிக்கும் என் அக்காவுக்கு அதன் இணைப்பை அனுப்பினேன். சற்று நேரத்தில் அவரே அழைத்தார். "தம்பி, ஒரே வெள்ளையா கெடக்குது. சுத்திக்கிட்டே இருக்கு. டேட்டாவும் முடியப் போவுது. பிரதோஷ பூசை எத்தன மணிக்குன்னு நீயே போன்ல சொல்லிடேன்" என்றார்.

பூசை நேரம் அறிய விரும்பும் ஒரு மூதாட்டிக்குப் பயன்படாத அகப்பக்கத்தை யாருக்காகச் செய்கிறோம்? இந்தக் கேள்வி என்னை உறுத்தியது. விவரம் தெரிந்த நம் இளைஞர்களிடம் கேட்டும் படித்தும் அறிந்துகொண்டதைக் கீழே தருகிறேன்.

ஒரு சின்னக் கணக்கு

கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு படத்தின் அளவு 4 மெகாபைட் எனக் கொள்வோம். முகப்பில் பத்துப் படங்கள் வைத்தால் 40 மெகாபைட். ஒரு பைட்டுக்கு 8 பிட் ஆகையால், அது 320 மெகாபிட். நொடிக்கு 10 மெகாபிட் வரும் இணைப்பில் 32 நொடிகள் ஆகும். அலைவரிசை குன்றி நொடிக்கு 2 மெகாபிட் மட்டுமே கிடைக்கும் இடத்தில் 160 நொடிகள், அதாவது 2 நிமிடம் 40 நொடி!

அதே படங்களைக் கைத்தொலைபேசித் திரையின் அகலத்துக்குச் சுருக்கி, 'வெப்பி' போன்ற புதிய பட வடிவத்துக்கு மாற்றி, ஒவ்வொன்றையும் 100 கிலோபைட் அளவில் வைத்தால் பத்துப் படங்களும் சேர்ந்து 1 மெகாபைட்தான். அந்த மெதுவான இணைப்பிலும் நான்கே நொடி. கண்ணுக்குப் பெரிய வித்தியாசமும் தெரியாது.

மனிதர் எவ்வளவு நேரம் பொறுப்பர்? ஜேக்கப் நீல்சன் என்ற கணினிப் பயன்பாட்டு ஆய்வாளர் 1993-இல் எழுதிய நூலில் இதற்கு அளவுகோல் தந்தார். ஒரு நொடிக்குள் பதில் வந்தால் எண்ண ஓட்டம் தடைபடாது. பத்து நொடியைத் தாண்டினால் கவனம் வேறு பக்கம் போய்விடும் என்பது அவர் கருத்து. இன்று கூகுள் நிறுவனம், பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 நொடிக்குள் தோன்றுவதையே நல்ல நிலை என்கிறது.

நம்மவர்கள் கண்ட வழி

இந்தச் சிக்கல் தமிழுக்குப் புதிதன்று. பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூரில், நா. கோவிந்தசாமி அவர்களின் முயற்சியால் 1995-இலேயே தமிழ்க் கவிதைகள் இணையத்தில் ஏறின. அக்காலத்தில் தொலைபேசிக் கம்பி வழியே நொடிக்கு 28.8 கிலோபிட் வந்தாலே பெரிது. 100 கிலோபைட் கொண்ட ஒரே ஒரு படம் வந்து சேர ஏறக்குறைய 28 நொடிகள் ஆகும். பெரும்பாலான கணினிகளில் தமிழ் எழுத்துரு இல்லாததால், சிலர் தமிழ்ப் பக்கத்தையே படமாக்கி ஏற்றினார்கள். படிப்பவர் காத்திருக்க வேண்டியதாயிற்று.

தமிழை எழுத்தாகவே அனுப்ப வேண்டும் என்று பாடுபட்டவர்கள் பலர். நம் நாட்டின் முத்து நெடுமாறன் 'முரசு அஞ்சல்' மென்பொருளைத் தந்தார். 1997-இல் சிங்கப்பூரிலும் 2001-இல் கோலாலம்பூரிலும் தமிழ் இணைய மாநாடுகள் கூடின. உலக எழுத்துகளை எல்லாம் உள்ளடக்கிய யூனிகோடு தரத்தில், 1991-இல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றிருந்தது. இன்று எல்லாக் கைத்தொலைபேசிகளும் அதைத்தான் பின்பற்றுகின்றன.

இணையத்தில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட் தேவை. 'க' ஒரு குறியீடு. 'கி' இரண்டு குறியீடு. 2,000 குறியீடுகள் கொண்ட அறிவிப்பு 6,000 பைட்தான். அனுப்பும்போது சுருக்கி அனுப்புவதால் அது இன்னும் குறையும். அதையே வண்ணச் சுவரொட்டிப் படமாக ஏற்றினால் பல நூறு கிலோபைட் ஆகிவிடும்.

ஆனால் இன்று நாம் என்ன செய்கிறோம்? பூசை அட்டவணையைச் சுவரொட்டியாக வடிவமைத்து, அந்தப் படத்தையே அகப்பக்கத்திலும் போடுகிறோம். எழுத்துரு இல்லாத காலத்தில் வேறு வழியின்றிச் செய்ததை, எல்லாம் இருக்கும் காலத்தில் நாமே விரும்பிச் செய்கிறோம்! மேலும், படத்துக்குள் இருக்கும் எழுத்தைப் பார்வையற்ற அன்பர்களின் வாசிப்பு மென்பொருள் ஒழுங்காகப் படித்துக் காட்டுவது கடினம்.

திறப்பு நாள் கூட்டம்

ஒருவருக்கு விரைந்து திறக்கும் பக்கம், ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் வந்தால் திணறலாம். 2021 மே 26-ஆம் நாள் நண்பகலில், ஜொகூர் உள்ளிட்ட மாநிலங்களுக்கு அஸ்ட்ராஸெனெகா தடுப்பூசி முன்பதிவு தொடங்கியபோது பலருக்குப் பக்கம் சரிவரத் திறக்காமல் போனது நினைவிருக்கலாம். அமெரிக்க அரசு 2013 அக்டோபர் 1-இல் தொடங்கிய மருத்துவக் காப்பீட்டு இணையத்தளத்தில், முதல் நாளில் ஆறு பேர் மட்டுமே பதிவை முடிக்க முடிந்தது. பெரிய அரசாங்கங்களுக்கே இந்த நிலை என்றால் நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

நமது அன்னதானத்தை எண்ணிப் பாருங்கள். பந்தியில் ஒருவர் வந்து அமர்ந்த பிறகா அவருக்கென்று உலை வைக்கிறோம்? முன்கூட்டியே சமைத்து, வாளிகளில் எடுத்து, வரிசைக்கு அருகில் வைத்துக்கொள்கிறோம். அகப்பக்கமும் அப்படித்தான். ஒவ்வொருவர் வரும்போதும் புதிதாகப் பக்கத்தைத் தயாரிக்காமல், ஆயத்தமான நகலை வைத்திருந்து வழங்கினால் கணினி திணறாது.

அந்த நகல் அருகில் இருப்பதும் அவசியம். கண்ணாடி இழைக் கம்பியில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். அமெரிக்காவின் மேற்குக் கரை நமக்கு ஏறத்தாழ 14,000 கிலோமீட்டர் தொலைவு. போய்வர 0.14 நொடி ஆகும். ஒரு பக்கம் திறக்க இப்படிப் பலமுறை போய்வர வேண்டும். சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ நகல் இருந்தால் அந்தத் தாமதம் பெரிதும் குறைந்துவிடும்.

செயலவை எடுத்த முடிவுகள்

1. முகப்பில் மூலவர் படம் ஒன்று மட்டும். அதன் கீழே பூசை நேரம், ஆலய முகவரி, தொலைபேசி எண், எல்லாம் எழுத்தில்.

2. காணொளியும் இசையும் தாமாக ஓடா. விரும்புவோர் தொட்டால் மட்டுமே தொடங்கும்.

3. படத் தொகுப்பு தனிப் பக்கத்தில். கீழே நகர்த்த நகர்த்தத்தான் அடுத்தடுத்த படங்கள் வரும்.

4. ஒரே ஒரு தமிழ் எழுத்துரு. அது வந்து சேரும்வரை கைத்தொலைபேசியில் உள்ள எழுத்திலேயே பக்கம் தெரியும்.

5. திறப்பு விழாவுக்கு முன்பே, பலர் ஒரே நேரத்தில் வருவது போன்ற சோதனை. விலை குறைந்த கைத்தொலைபேசியிலும், தோட்டப்புற அலைவரிசையிலும் சோதனை.

6. அறிவிப்பை எல்லாப் புலனக் குழுக்களுக்கும் ஒரே நிமிடத்தில் அனுப்பாமல், வட்டாரம் வட்டாரமாக அனுப்புதல்.

நன்கொடையாளர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பெயர்கள் விடுபடவில்லை. அவற்றுக்கெனத் தனிப் பக்கம் உண்டு. பெயர், ஊர், உபயம் மூன்றும் எழுத்தில் இருக்கும். பேரப்பிள்ளைகள் இணையத்தில் தேடினாலும் கண்டுபிடிக்க அதுவே எளிது. படங்கள் தொகுப்பில் இடம்பெறும். ஆலயத் திருப்பணியில் உபயதாரர் பெயரைச் சுவரில் கல்வெட்டாகப் பதிக்கிறோம். அந்தக் கல்லை வாசற்படியில் நிறுத்தி வைப்பதில்லை. வாசல், வருகிறவர்களுக்காகத் திறந்திருக்க வேண்டும்.

மாற்றியமைத்த பக்கத்தை அண்மையில் அக்காவுக்கு மீண்டும் அனுப்பினேன். இம்முறை அவர் என்னிடம் நேரம் கேட்கவில்லை. "மாலை நாலரைக்குன்னு போட்டிருக்கு, வண்டிக்குச் சொல்லிட்டேன்" என்றார். அதுவே எங்கள் உழைப்புக்குக் கிடைத்த முதல் பாராட்டு.

அனைவருக்கும் இறையருள் துணை நிற்பதாக!