கூரை மேல் பூசணி

சந்தைக்குப் போய், "ஒரு கீற்று பூசணிக்காய் கொடுங்கள்" என்று கேட்டால் என்ன கிடைக்கும்? சில ஊர்களில் மஞ்சள் காய் கிடைக்கும். சில ஊர்களில் வெள்ளைக் காய் கிடைக்கும். இரண்டுக்கும் அதே பெயர்தான். ஆனால் இரண்டும் வேறு வேறு காய்கள்.

வெள்ளைக் காய்தான் சாம்பல் பூசணி. கல்யாணப் பூசணி என்றும் சொல்வார்கள். தென் மாவட்டங்களில் இது தடியங்காய். முற்றிய காயின் மேல் சாம்பல் பூசியது போல ஒரு மெழுகு படிந்திருக்கும். இது ஆசியாவின் பழைய காய்.

மஞ்சள் காய் பிற்காலத்தில் வந்தது. இதன் சொந்த ஊர் அமெரிக்கக் கண்டம். ஐரோப்பியர் கப்பலில் இங்கே வந்தது. ஐரோப்பியரைப் பரங்கியர் என்பார்கள். அதனால் இது பரங்கிக்காய் ஆயிற்று. கொங்குப் பகுதியில் அரசாணிக்காய் என்கிறார்கள்.

ஆக்ராவின் இனிப்பு

சாம்பல் பூசணியைத் திருஷ்டிக்குக் கட்டுவார்கள். ஆயுத பூஜையன்று குங்குமம் வைத்து உடைப்பார்கள். உடைத்த துண்டுகளைச் சாலையில் விட்டுவிடக் கூடாது. வண்டியில் வருபவர் வழுக்கி விழுவார்.

உத்தரப் பிரதேசத்தில் ஆக்ரா நகரம் இருக்கிறது. தாஜ்மகால் உள்ள ஊர். அங்கே இந்தக் காயை நம்பிப் பல குடும்பங்கள் பிழைக்கின்றன. பேட்டா என்ற இனிப்பை இதில்தான் செய்கிறார்கள். தோலையும் விதையையும் நீக்கித் துண்டு போடுவார்கள். துண்டுகளைக் குத்திச் சுண்ணாம்பு நீரில் ஊற வைப்பார்கள். சுண்ணாம்பு நீர்தான் துண்டைக் கெட்டியாக்குகிறது. பிறகு நன்றாகக் கழுவி வேக வைத்து, சர்க்கரைப் பாகில் போடுவார்கள். தமிழ்நாட்டுக் கல்யாண வீடுகளில் செய்யும் காசி அல்வாவும் இதே காய்தான்.

வங்காளத்திலும் ஒடிசாவிலும் காயைத் துருவி, அரைத்த உளுந்துடன் கலந்து, வடகம் போல வெயிலில் காய வைக்கிறார்கள். கேரளத்தில் தேங்காய்ப் பால் ஊற்றி ஓலன் வைக்கிறார்கள்.

பூவும் உணவு

வங்காளத்தில் பரங்கிப் பூவை மாவில் தோய்த்து எண்ணெயில் பொரிக்கிறார்கள். கொழுந்தையும் கீரையாகச் சமைக்கிறார்கள். பூவைப் பறித்தால் காய் குறையாதா? குறையாது. எந்தப் பூவைப் பறிப்பது என்று தெரிய வேண்டும்.

ஒரே கொடியில் ஆண் பூவும் உண்டு, பெண் பூவும் உண்டு. பெண் பூவின் அடியில் சின்னப் பிஞ்சு இருக்கும். ஆண் பூவில் வெறும் காம்புதான். ஆண் பூக்கள் நிறைய வரும். சிலவற்றைக் கொடியில் விட்டுவிட்டு மற்றதைப் பறிக்கலாம்.

தேனீ வராத இடத்தில் பிஞ்சு வெம்பி உதிர்ந்துவிடும். அப்போது காலையில் ஓர் ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கி, பெண் பூவின் நடுவில் தடவுங்கள். காய் பிடிக்கும். பூ விரிந்திருக்கும் காலை நேரத்தில் பூச்சி மருந்து அடிக்க வேண்டாம். தேனீ செத்துவிடும்.

பரங்கியின் மஞ்சள் நிறம் அழகுக்கு மட்டும் அல்ல. அந்தச் சத்தை நம் உடம்பு வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது. இந்தச் சத்து குறைந்தால் குழந்தைக்கு மாலைக்கண் வரும். சிறிது எண்ணெய் சேர்த்துச் சமைத்தால் சத்து உடம்பில் நன்றாகச் சேரும். ஆனால் பரங்கி கொடுக்கிறோம் என்று அங்கன்வாடியில் தரும் வைட்டமின் ஏ சொட்டு மருந்தை விட்டுவிடக் கூடாது. அதை 9 மாதம் முதல் 5 வயது வரை தர வேண்டும்.

முற்றிய பரங்கியைக் காம்போடு பறித்து, ஈரம் படாமல் வைத்தால் இரண்டு மூன்று மாதம் கெடாது. விதையையும் வறுத்துத் தின்னலாம்.

மிசோரம், சிக்கிம் போன்ற மலை மாநிலங்களில் வீட்டுக்கு வீடு சௌசௌ கொடி. சிக்கிமில் அதன் கிழங்கையும் சமைக்கிறார்கள்.

சுரைக்காய் கசந்தால்

சுரை, பூசணி, பரங்கி எல்லாம் ஒரே குடும்பம். இந்தக் குடும்பத்தில் ஒரு நஞ்சும் உண்டு. அதன் பெயர் குக்கர்பிட்டசின். நல்ல காயில் இது மிகக் குறைவு. சில சமயம் சில காயில் அதிகமாகிவிடும். அந்தக் காய் கடுமையாகக் கசக்கும். வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. வேக வைத்தாலும் நஞ்சு போகாது.

2010-ல் டெல்லியில் ஒரு விஞ்ஞானி சுரைக்காய்ச் சாறு குடித்து இறந்தார். உடம்புக்கு நல்லது என்றுதான் குடித்தார். அதன் பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஒரு குழு அமைத்தது. குழு சொன்னது எளிய யோசனைதான். வெட்டியதும் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டுக் காயை எறியுங்கள். சாற்றில் வேறு சாறு கலக்காதீர்கள். பாகற்காய்ச் சாறு கலந்தால் எது கசக்கிறது என்று எப்படித் தெரியும்?

காசு கொடுத்து வாங்கிய காய் ஆயிற்றே என்று பார்க்க வேண்டாம். மாட்டுக்கும் போட வேண்டாம். குழியில் போட்டு மூடுங்கள். தெரியாமல் தின்று வாந்தி, வயிற்றுவலி, பேதி வந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இந்த நஞ்சுக்கு மாற்று மருந்து இல்லை. என்ன சாப்பிட்டோம் என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.

தின்ன முடியாத சுரைக்கும் வேறு வேலை உண்டு. மகாராஷ்டிரத்தில் மிரஜ் என்ற ஊர். அங்கே தோல் தடித்த பெரிய சுரையை மாதக் கணக்கில் காய வைத்து, குடைந்து, தம்புராவும் சிதாரும் செய்கிறார்கள். சத்தீஸ்கரின் பஸ்தர் காட்டுப் பகுதியில் காய்ந்த சுரைக்குடுக்கையில் தண்ணீர் எடுத்துப் போகிறார்கள். வெயிலிலும் தண்ணீர் சில்லென்று இருக்கும்.