அறைக்குப் பொருந்துகிறது, ஆளுக்கு?

புடவை எடுக்கப் போனால் கடைச் சிப்பந்தி அதை நம் தோளில் போட்டு, கண்ணாடி முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறார். நன்றாயிருக்கிறதா இல்லையா என்பது அந்த நிமிஷமே தெரிந்துவிடுகிறது. மேஜை, நாற்காலி வாங்குவதில் இந்தச் சௌகரியம் கிடையாது. கடையின் விசாலமான கூடத்தில் அடக்க ஒடுக்கமாகக் காட்சி தரும் மேஜை, நம் வீட்டு வாசற்படியைத் தாண்டியதும் விசுவரூபம் எடுத்துவிடுகிறது. பீரோக் கதவு பாதி திறந்து, முட்டிக்கொண்டு நிற்கிறது. அப்புறம் என்ன? மேஜையைத் திருப்பிக் கொடுக்க மனசில்லாமல், பீரோவுக்குள் இருப்பதை ஒற்றைக் கையால் துழாவி எடுக்கக் கற்றுக்கொண்டுவிடுகிறோம்!

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது ஆபீஸே வீட்டுக்குள் வந்து சேர்ந்தது. கட்டில், ஊஞ்சல், சாப்பாட்டு மேஜை என்று அகப்பட்ட இடமெல்லாம் ஆபீஸ் ஆயிற்று. மேஜையின் ஒரு பக்கம் அம்மா வெண்டைக்காய் நறுக்க, மறு பக்கம் பெண் அமெரிக்காக்காரரிடம் கணக்கு ஒப்புவித்துக்கொண்டிருந்தாள். ஊரடங்கு போய்விட்டது. ஆனால் பல உத்தியோகங்களில், வாரத்தில் சில நாள் வீட்டிலிருந்தே வேலை என்ற வழக்கம் நிலைத்துவிட்டது. அகப்பட்ட இடத்தில் உட்கார்ந்ததற்கான கூலி கழுத்திலும் இடுப்பிலும் வசூலாகிறது. "ஒழுங்காக ஒரு மூலையை அமைத்துக்கொள்ளேன்" என்று வீட்டார் சொல்வது சுலபம். நல்ல நாற்காலி ஒன்றின் விலையே, புதிதாக வேலைக்குச் சேர்ந்தவளின் மாதச் சம்பளத்தில் கணிசமான பங்கைக் கேட்கிறது. தவறாக வாங்கிவிட்டால் இரண்டு நஷ்டம்: பணம் ஒன்று, முதுகு ஒன்று.

இந்தச் சங்கடத்துக்குச் செல்போனிலேயே பரிகாரம் தேடியிருக்கிறார்கள். சாமான் வருவதற்கு முன்பே அது நம் அறையில் எப்படி இருக்கும் என்று திரையில் காட்டிவிடும் செயலிகள் உண்டு. வீட்டு மூலையை ஆபீசாக மாற்ற விரும்பும் இளைஞர்களையும் யுவதிகளையும் மனத்தில் வைத்துப் புதிய செயலிகளுக்குத் திட்டம் போடுகிறவர்களும் உண்டு. இவை என்ன செய்கின்றன, எதைக் கேட்க மறந்துவிடுகின்றன என்று பார்ப்போமா?

இந்தத் துறையில் முன்னோடிகளில் ஒன்று, ஸ்வீடன் தேசத்தில் பிறந்த ஐகியா கம்பெனி. 1950-களின் நடுவில் அங்கே வேலை பார்த்த கில்லிஸ் லுண்ட்கிரேன் என்பவர் ஒரு மேஜையைக் காரில் ஏற்றப் பார்த்தாராம். ஏறவில்லை. காலைக் கழற்றினார், ஏறிவிட்டது. (மேஜையின் காலைத்தான்!) சாமானைப் பிரித்துத் தட்டையாகக் கட்டி விற்பதும், வாங்குகிறவர் வீட்டில் தாமே பூட்டிக்கொள்வதும் பிற்பாடு அந்தக் கம்பெனியின் அடையாளமே ஆகிவிட்டன. காரில் ஏறும் பிரச்னை தீர்ந்தது. அறையில் பொருந்தும் பிரச்னை மட்டும் பாக்கி நின்றது.

2013-ல் அதற்கு ஒரு யுக்தி செய்தார்கள். மேஜை வரவேண்டிய இடத்தில், தரையில், கம்பெனியின் விலைப்பட்டியல் புத்தகத்தை வைத்துவிட்டுச் செல்போன் காமிரா வழியாகப் பார்க்கவேண்டும். புத்தகத்தின் நீள அகலம் செயலிக்குத் தெரியும். அதையே அளவுகோலாகக் கொண்டு, அந்த இடத்தில் மேஜையின் உருவத்தை ஏற்ற அளவில் வரைந்து காட்டிவிடும். 2017 செப்டம்பரில் புத்தகமும் வேண்டாம் என்றாகிவிட்டது. அந்த வருஷம் ஆப்பிள் கம்பெனி வெளியிட்ட ஏஆர்கிட் என்ற ஏற்பாட்டைக் கொண்டு, 'ஐகியா பிளேஸ்' என்ற செயலி சுமார் 2,000 சாமான்களுடன் வந்தது.

புத்தகம் இல்லாமல் அளவு எப்படித் தெரிகிறது? செல்போனைக் கையில் பிடித்து அறையைச் சுற்றிக் காட்டும்போது, தரையிலும் சுவரிலும் உள்ள சின்னச் சின்னப் புள்ளிகளையும் மூலைகளையும் காமிரா அடையாளம் வைத்துக்கொள்கிறது. செல்போன் எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தது, எவ்வளவு சாய்ந்தது என்பதை உள்ளே இருக்கும் நுண்கருவிகள் சொல்கின்றன. ரயிலில் போகும்போது பக்கத்து மரம் வேகமாக ஓடுவதையும், தூரத்து மலை நிதானமாக வருவதையும் பார்த்திருப்பீர்களே, அதே தத்துவந்தான். எந்தப் புள்ளி எவ்வளவு நகர்ந்தது என்று பார்த்து, அது எத்தனை தூரத்தில் இருக்கிறது என்று செயலி கணக்குப் போட்டுவிடுகிறது. பழைய வீடுகளின் மொசைக் தரையில் புள்ளிகளுக்கு என்ன பஞ்சம்? செயலிக்குக் கொண்டாட்டம். பளபளவென்று ஒரே வெள்ளையாக இருக்கும் புதுத் தரைதான் அதைத் திணற அடிக்கிறது. அம்மாதிரித் தரையில் நாலு செய்தித்தாள்களைப் பரப்பி வைத்துவிட்டுப் பாருங்கள், அதற்குப் பிடி கிடைத்துவிடும்.

அளவு நூற்றுக்கு 98 பங்கு துல்லியம் என்று கம்பெனி சொல்லிற்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 120 சென்டிமீட்டர் மேஜையில் மீதி 2 பங்கு என்பது 2.4 சென்டிமீட்டர், ஏறக்குறைய ஓர் அங்குலம். பீரோக் கதவு முட்டுவதற்கு ஓர் அங்குலம் போதாதா? ஆகவே செயலி எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும், தையல் பெட்டியில் இருக்கும் அளவு நாடாவை ஓய்வு கொடுத்து அனுப்பிவிடவேண்டாம்.

2022-ல் அதே கம்பெனி அமெரிக்காவில் இன்னொரு படி மேலே போயிற்று. அறையைப் படம் பிடித்துக் கொடுத்தால், அதில் ஏற்கெனவே இருக்கும் பழைய சாமான்களைத் திரையில் அழித்துவிட்டுப் புதியதை வைத்துப் பார்க்கலாம். இங்கேதான் எனக்குச் சிரிப்பு வந்தது. மாமனாரின் சாய்வு நாற்காலியைத் திரையில் விரலால் அழிப்பது ஒரு விநாடி வேலை. வீட்டில் அதை அழிக்க எந்த விரலுக்குத் துணிச்சல் உண்டு?

சரி, அறையின் அளவு கிடைத்துவிட்டது. ஆளின் அளவு?

கடையில் கிடைக்கும் சாதாரண மேஜை பெரும்பாலும் 73 முதல் 75 சென்டிமீட்டர் உயரம். ஐந்தடி உயரமுள்ள ஒரு பெண், பாதம் தரையில் படிய உட்கார்ந்து முழங்கையை மடக்கினால், முழங்கை இருக்கும் உயரம் அநேகமாக 60-லிருந்து 65 சென்டிமீட்டர்தான். அதாவது மேஜை சுமார் நாலு அங்குலம் அதிக உயரம். அவள் தோளைத் தூக்கிக்கொண்டு எட்டு மணி நேரம் எழுத்துப் பலகையைத் தட்டவேண்டும். அல்லது நாற்காலியை உயர்த்திக்கொண்டு, கால்களை அந்தரத்தில் தொங்கவிடவேண்டும். முதலாவதில் கழுத்து வலி, இரண்டாவதில் தொடை மரத்துப்போகிறது. செயலியின் திரையிலோ எல்லாம் பிரமாதம்! சுவருக்குச் சுவர் கச்சிதமாகப் பொருந்தி, பச்சை வண்ணத்தில் "சரி" என்று கூடச் சொல்லிவிடும்.

இந்த இடத்தில் ஓர் அம்மையாரைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். அமெரிக்காவைச் சேர்ந்த லில்லியன் கில்பிரெத், பன்னிரண்டு குழந்தைகளைப் பெற்றவர். மனோதத்துவத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். தொழிற்சாலையில் ஒருவன் கையை எங்கே நீட்டுகிறான், எத்தனை தடவை குனிகிறான் என்று அளந்து வீண் சிரமத்தைக் குறைக்கும் வித்தையில், கணவருக்குச் சமமாக உழைத்தவர். 1924-ல் கணவர் காலமானார். 'பெண்பிள்ளையிடம் தொழிற்சாலைக்கு ஆலோசனை கேட்பதா?' என்று பழைய வாடிக்கைக்காரர்கள் பலர் நழுவிவிட்டார்கள். அம்மையார் சளைக்கவில்லை. சமையலறையும் ஒரு தொழிற்சாலைதானே என்று அந்தப் பக்கம் திரும்பினார். ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனிக்காக ஆயிரக்கணக்கான குடும்பப் பெண்களிடம் பேசினார். அடுப்பு எந்த உயரத்தில் இருந்தால் நல்லது, பாத்திரம் கழுவும் தொட்டி எந்த உயரத்தில் இருந்தால் இடுப்பு நோகாது என்று விசாரித்தார். அங்கே நின்று வேலை செய்யப் போகிறவளின் உயரத்தைக் கொண்டே மற்ற உயரங்களைத் தீர்மானிக்கவேண்டும் என்பது அவர் கட்சி.

அதோடு விட்டாரா? 1933-ல் சிகாகோவில் நடந்த உலகப் பொருட்காட்சியில், ஐபிஎம் கம்பெனியைக் கொண்டு செய்வித்த ஒரு மேஜையைக் காட்சிக்கு வைத்தார். குடும்பத்தை நிர்வகிக்கும் பெண்ணுக்கான மேஜை அது. நடுவில் கடிகாரம், கைக்கெட்டும் தூரத்தில் டெலிபோன், டைப்ரைட்டர், கூட்டல் யந்திரம், ரேடியோ, வீட்டுக் கணக்குக் காகிதங்கள். வீட்டுக்குள் ஆபீஸ் என்பது ஏதோ கம்ப்யூட்டர் யுகத்துப் பிள்ளைகள் கண்டுபிடித்தது என்று நினைத்தோமே!

செயலி அமைக்கிறவர்கள் இந்த அம்மையாரிடம் கற்றுக்கொள்ள விஷயம் இருக்கிறது. அவர்களிடமும் ஒரு நல்ல வழக்கம் உண்டு. கூகிள் வெஞ்சர்ஸில் ஜேக் நாப் என்பவர் வகுத்து, 2016-ல் புத்தகமாகவும் வந்த முறை அது. திங்களன்று பிரச்னையை ஆராய்வது, செவ்வாயன்று ஆளுக்கொரு யோசனை வரைவது, புதனன்று ஒன்றைத் தேர்ந்தெடுப்பது, வியாழனன்று சினிமா செட் மாதிரி முகப்பு மட்டும் உள்ள ஒரு போலிச் செயலியைத் தயாரிப்பது. வெள்ளிக்கிழமை, ஐந்தே பேரை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு அவர்கள் கையில் கொடுத்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு கவனிப்பது. ஐந்து பேர் போதுமா என்றால், பெரிய தடுமாற்றங்களுக்குப் போதும். முதல் மூன்று பேர் தடுக்கி விழுந்த இடத்திலேயே நாலாமவரும் விழுவார்.

ஆனால் அந்த ஐந்து பேரும் யார்? எங்கே உட்கார்ந்து பார்க்கிறார்கள்? தனி அறை உள்ள ஐந்து வாலிபர்களை, ஆபீஸ் கட்டடத்தில் உட்காரவைத்துக் கேட்டால், "எந்த நிறம் பிடிக்கும்?" என்ற கேள்வியே பெரிய கேள்வியாகத் தோன்றும். இத்தகைய செயலிகள் பல, அழகான அறைப் படங்களைக் காட்டி "இதில் எது உங்கள் ரசனை?" என்றுதான் பேச்சைத் தொடங்குகின்றன. என்னைக் கேட்டால் ரசனையைக் கடைசியில் விசாரிக்கலாம். உங்கள் உயரம் என்ன? நாளைக்கு எத்தனை மணி நேரம் உட்காருவீர்கள்? ராத்திரி அந்த அறையில் யார் படுக்கிறார்கள்? பாய் விரிக்க எவ்வளவு இடம் வேண்டும்? மின்சாரப் பிளக் எந்தச் சுவரில்? ஜன்னல் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து? மொத்தமாக எவ்வளவு செலவழிக்கலாம்? இவற்றைக் கேட்டுவிட்டு, "உங்களுக்கு மேஜை வேண்டாம், நாற்காலி மட்டும் வாங்குங்கள், சாப்பாட்டு மேஜையே போதும்" என்று ஒரு செயலி சொல்லுமானால், அதை நான் மெச்சுவேன். சாமான் விற்கிற கம்பெனியின் செயலிக்கு அப்படிச் சொல்ல வாய் வருமா என்பது வேறு விஷயம்.

அது வரும் வரையில் நாமே சில காரியங்கள் செய்துகொள்ளலாம். பணம் கொஞ்சந்தான் என்றால் அதை நாற்காலியில் போடுங்கள். உயரம் ஏற்றி இறக்க வசதியுள்ளதாகப் பாருங்கள். முழங்கை மேஜை மட்டத்துக்கு வரும்படி அதை உயர்த்திவிட்டு, தொங்கும் காலுக்கு அடியில் ஒரு மணையைப் போட்டால் போதும். பரணில் சும்மா கிடக்கும் அந்த மணை, கடையில் விற்கும் பாதப் பலகைக்குக் கொஞ்சமும் இளைத்ததல்ல. மடிக்கணினியில் திரையும் எழுத்துப் பலகையும் ஒட்டிப் பிறந்த இரட்டைகள். ஒன்று கண்ணுக்குச் சரியாக இருந்தால் மற்றது கைக்குச் சரியாக இராது. நாலைந்து தடித்த புத்தகங்களின் மேல் அதை ஏற்றி, திரையின் மேல் விளிம்பைக் கண் மட்டத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, தனி எழுத்துப் பலகை ஒன்று வாங்கி இணைத்துக்கொள்ளுங்கள். திரை ஒரு கை நீளத் தூரத்தில் இருக்கட்டும். ஜன்னல் பக்கவாட்டில் இருப்பது நல்லது. முதுகுக்குப் பின்னால் இருந்தால் திரையில் வெயில் அடிக்கும், எதிரே இருந்தால் கண் கூசும்.

மேஜை வாங்கியே தீருவது என்று முடிவானால், ஆர்டர் கொடுப்பதற்கு முன் அதன் நீள அகலத்துக்குச் செய்தித்தாள்களை ஒட்டி, வைக்கப் போகும் இடத்தில் தரையில் பரப்புங்கள். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்திருக்க இன்னும் மூன்றடியாவது சேர்த்துப் பரப்புங்கள். இரண்டு நாள் அப்படியே இருக்கட்டும். பெருக்குகிறவள் பெருக்கட்டும், பாட்டி ராத்திரி எழுந்து நடக்கட்டும், பீரோவை நாலு தடவை திறந்து மூடுங்கள். மூன்றாம் நாள் காலையில் காகிதம் கிழியாமல் இருந்தால், மேஜைக்குச் சொல்லியனுப்பலாம்.