நடமாட்டம்

விருதுநகர் மாவட்டத்தின் வெம்பக்கோட்டைப் பக்கத்து ஊர்களில் ஒரு வீட்டுப் பெரியவர்களைப் பற்றி விசாரிக்கிறவர்கள், "அப்பத்தா நடமாட்டமா இருக்காகளா?" என்றுதான் பெரும்பாலும் கேட்பார்கள். "நடமாட்டந்தான், தண்ணி எடுக்கப் போயிருக்காக" என்று பதில் வந்தால் கேட்டவர் முகம் தெளியும். "விழுந்துட்டாக, படுக்கைதான்" என்று வந்தால் அதற்குமேல் பேச்சு ஓடாது. வயது, சர்க்கரை, பிரஷர் எல்லாம் அப்புறம்தான். ஆள் எழுந்து நடக்கிறாரா என்பது முதல் கேள்வி. அந்தக் கேள்வி எவ்வளவு சரியானது என்பதை இந்தப் பகுதியின் முதியவர்களைப் பார்க்கப் பார்க்கத்தான் உணர்ந்தேன்.

காலையில் தொழிற்சாலை வேன்கள் வந்து ஆட்களை அள்ளிக்கொண்டு போனபிறகு தெருவில் மிஞ்சுவது பெரியவர்களும் பள்ளிக்கூடம் போகாத சின்னதுகளும்தான். இங்கே தொழிற்சாலை என்ற சொல் பேச்சில் கிடையாது. பட்டாசுத் தொழிற்சாலை வெடி ஆபீஸ்; தீப்பெட்டித் தொழிற்சாலை தீப்பெட்டி ஆபீஸ். இன்று திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் அறுபது, எழுபது வயதுப் பெண்களில் பலர் பாவாடை கட்டிய வயதிலேயே அந்த ஆபீஸ்களுக்குப் போனவர்கள். குழாய் உருட்டினார்கள், திரி வெட்டினார்கள், தீக்குச்சி அடுக்கினார்கள், லேபிள் ஒட்டினார்கள். கூலி, செய்து முடித்த எண்ணிக்கைக்கு. தண்ணீர் குடிக்க எழுந்தால்கூட எண்ணிக்கை குறையும். அதனால் சம்மணம் போட்டு உட்கார்ந்தவர்கள் பொழுதுக்கும் எழுந்திருக்கவில்லை. முப்பது, நாற்பது வருடம் அப்படியே போய்விட்டது.

முதுமையில் சும்மா இருக்கக்கூடாது, ஏதாவது செய்துகொண்டே இருக்க வேண்டும் என்று பட்டணத்துப் பேச்சாளர்கள் சொல்கிறார்கள். இந்த ஊர்க்காரர்களுக்கு உழைக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. எழுபது வயதிலும் வீட்டு வாசலில் உட்கார்ந்து காகிதக் குழாய் உருட்டித் தருகிறவர்கள் உண்டு. விரல்களின் வேகம் இன்னும் குறையவில்லை. ஆனால் அவர்கள் உழைத்த உழைப்பு காலுக்குப் போய்ச் சேரவே இல்லை. கை ஓடுகிறது; எழுந்திருக்கச் சொன்னால் சுவரைத் தேடுகிறார்கள்.

இவர்களுக்கு முந்தைய தலைமுறைக்குக் காட்டு வேலை. கரிசலில் காடு என்றால் விளைநிலம். பருத்தி எடுக்க, கம்பு அறுக்க, விறகு சுமக்க மைல் கணக்கில் நடந்தவர்கள் அவர்கள். கோவை மாவட்டம் தேக்கம்பட்டியில் வாழ்ந்த பாப்பம்மாளைப் பலருக்குத் தெரியும். நூறு வயதைக் கடந்தும் தோட்டத்தில் இறங்கி வேலை பார்த்தவர், 2021-ல் பத்மஸ்ரீ விருது பெற்றவர். அவருடைய ஆயுளுக்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். ஆனால் குனிந்து நிமிர்ந்து நடந்த அந்த வேலையே அவர் கால்களுக்குத் தினசரிப் பயிற்சியாகவும் இருந்தது. ஆபீஸில் உட்கார்ந்தவர்களுக்கு அந்தப் பயிற்சி கிடைக்கவில்லை. மழை பொய்த்த கரிசல் பூமி அவர்களுக்கு வேறு வழியும் வைக்கவில்லை.

இதில் கொஞ்சம் உடற்கூறு பேச வேண்டும். முப்பது வயதுக்கு மேல் பத்து ஆண்டுக்கு 3 முதல் 8 விழுக்காடு வரை நம் தசை கரைகிறது. அறுபதுக்கு மேல் அந்த வேகம் கூடுகிறது. முதலில் தளர்வது தொடை. தொடை தளர்ந்தால் எழும்போது தள்ளாடும், தள்ளாடினால் விழுவோம், விழுந்தால் இடுப்பெலும்பு. அதற்கப்புறம் கட்டில். "வயசானா அப்படித்தான்" என்று வீட்டில் முடித்துவிடுகிறார்கள். அப்படித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. 1990-ல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில், 86 முதல் 96 வயது வரையான பத்துப் பேரை வைத்து எட்டு வாரம் காலுக்கு எடைப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். பயிற்சியை முடித்தவர்களின் கால் வலு சராசரியாக 174 விழுக்காடு கூடியிருந்தது. தொண்ணூறு வயதிலும் தசை சொன்ன பேச்சைக் கேட்கிறது! இதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. திண்ணையில் காலைத் தேய்த்துக்கொண்டிருக்கும் ஒவ்வொருவரிடமும் போய்ச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

எடைக் கருவி எதுவும் வேண்டாம். கட்டில் விளிம்பிலோ உறுதியான நாற்காலியிலோ உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து, மெதுவாக மறுபடி உட்கார வேண்டும். முதல் நாள் மூன்று முறை வந்தால் போதும். அடுத்த வாரம் ஐந்து. ஊன்றாமல் முடியாதவர்கள் ஊன்றியே தொடங்கலாம். 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது உடல் நிதானத்துக்கான பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. நிதானம் என்றதும் வேறொன்று நினைவுக்கு வருகிறது. வெம்பக்கோட்டையை அடுத்த விஜயகரிசல்குளத்தில் 2022 முதல் தமிழ்நாடு தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் சங்கு வளையல்களோடும் சுடுமண் பொம்மைகளோடும் வட்டச்சில்லுகளும் கிடைத்தன. சில்லு எறிந்து ஒற்றைக் காலில் தத்துகிற விளையாட்டை இன்றைய அப்பத்தாக்கள் எல்லோரும் சிறுமியாக ஆடியிருப்பார்கள். இப்போது தத்த வேண்டாம். சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கிப் பத்து எண்ணும்வரை நின்றால் போதும். தலைசுற்றல், நெஞ்சுவலி, புது மூட்டு வீக்கம் இருப்பவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும்.

ஆரம்ப சுகாதார நிலையம் வரை போக முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இருக்கிறது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டுக்கு மாத்திரை வருவது எல்லோருக்கும் தெரியும். படுத்துவிட்டவருக்கு இயன்முறைப் பயிற்சியும் வீடு தேடி வரும் என்பது பலருக்குத் தெரியவில்லை. மாத்திரை தர வருகிறவரிடம் அதையும் கேட்டு வாங்க வேண்டும்.

சாப்பாட்டையும் அவர்கள் கேட்டு வாங்குவதில்லை. "எனக்கெதுக்கு முட்டை, புள்ளைக்குக் குடு" என்று சொல்லிவிட்டு ரசஞ்சோற்றோடு எழுந்துவிடுகிறார்கள். தசை வளரப் பயறும் முட்டையும் மீனும் அவர்கள் தட்டிலும் விழ வேண்டும்.

விழுவதற்குக் கால் மட்டும் காரணமில்லை, கண்ணும் காரணம். இந்தக் கரிசலிலிருந்து புறப்பட்ட ஒருவரைச் சொல்லாமல் கண்ணைப் பற்றிப் பேச முடியாது. டாக்டர் ஜி. வெங்கடசாமி, 1918-ல் வடமலாபுரத்தில் பிறந்தவர். இளம் வயதிலேயே முடக்குவாதம் அவர் விரல்களைக் கோணலாக்கியது. அந்த விரல்களோடு கத்தி பிடிக்கப் பழகி, கண் அறுவை மருத்துவரானார். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், 1976-ல், வீட்டுத் திண்ணையில் பேப்பர் படிக்க வேண்டிய வயதில், மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 2006-ல் தன் 87-வது வயதில் மறைந்தபோது அது உலகம் வந்து பார்த்துப் படிக்கிற இடமாகியிருந்தது. இதே கரிசலின் எழுத்தாளர் கி. ராஜநாராயணனும் அறுபதைத் தாண்டிய பிறகுதான் புதுவைப் பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராகப் போனார். 2021-ல் மறையும் காலம்வரை எழுதினார். இவர்கள் பெரிய மனிதர்கள், நமக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். வெங்கடசாமி கட்டியெழுப்பியது கண்புரையோடு தடவி நடக்கும் கிராமத்து ஏழைகளுக்காகத்தான். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கண் முகாம் நடக்கும் நாளில் தாத்தாவைக் கைபிடித்துக் கூட்டிப்போக ஒரு பேரன் கிடைத்தால், அந்தத் தாத்தா வாசற்படி தெரிந்து நடப்பார்.

இனிச் சொல்வதை வலியோடுதான் சொல்கிறேன். படுத்துவிட்ட முதியவரை வீட்டாரே முடித்துவிடும் 'தலைக்கூத்தல்' என்ற கொடுமையோடு விருதுநகர் மாவட்டத்தின் பெயர் சேர்த்துப் பேசப்பட்டிருக்கிறது. 2010-ல் இந்த மாவட்டத்தில் எண்பது வயதுப் பெரியவர் ஒருவர், தன்னைப் பற்றி வீட்டில் ரகசியமாகப் பேசுவதைக் கேட்டுவிட்டு உறவினர் வீட்டுக்குத் தப்பிப்போன செய்தி வெளிவந்தது. நடமாட்டம் இருந்ததால் அவர் தப்பினார். அப்படியானால் நடக்க முடியாதவருக்கு உயிர் வாழ உரிமை இல்லையா? இந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. வறுமைதான் காரணம் என்று சொல்லி இதை மன்னிக்க என்னால் முடியாது. ஆனால் மருமகள் ஆபீஸுக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாத வீட்டில், படுக்கையில் கிடப்பவரைப் பகலில் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்பதும் நிஜம். முதியோர் உதவித்தொகை 2023-ல் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆனது. அதில் ஒரு பராமரிப்பாளரை வைக்க முடியாது. குழந்தைகளுக்கு அங்கன்வாடி இருப்பதுபோல் பெரியவர்களுக்கும் ஊருக்கு ஒரு பகல் வீடு வேண்டும். கைவிடப்பட்டவர்கள் 14567 என்ற எண்ணுக்குப் பேசலாம். 2007-ம் ஆண்டுச் சட்டப்படி பிள்ளைகளிடமிருந்து ஜீவனாம்சமும் கேட்கலாம். கேட்கிற துணிச்சல் வருவதற்கு அக்கம்பக்கத்தில் ஒருவராவது துணைக்கு நிற்க வேண்டும்.

இந்த ஊர்களுக்கு முதியவர்கள் எவ்வளவு வேண்டியவர்கள் என்பதை வெடி விபத்துகள் காட்டியிருக்கின்றன. 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில், 2021 பிப்ரவரி 12-ல் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் அச்சங்குளத்தில். இடையிலும் பிறகும் எத்தனையோ. மகனையோ மகளையோ பறிகொடுத்த பெரியவர்கள், பேரப்பிள்ளைகளுக்கு மறுபடி அம்மாவும் அப்பாவுமாக ஆனார்கள். மூட்டுவலியோடு சோறாக்கி, சீருடை துவைத்து, பள்ளிக்கூட வாசலில் போய் நின்றார்கள். விபத்து நடக்காத வீடுகளிலும் பகல் முழுக்கப் பிள்ளைகளைப் பார்ப்பது அவர்கள்தான். அந்த உழைப்புக்கு எண்ணிக்கையும் இல்லை, கூலியும் இல்லை.

சாயங்காலம் வேன் திரும்பி வரும் சத்தம் கேட்டதும் தெருமுனைக்கு நடந்து போகிற பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். இடுப்பில் பேத்தி, இன்னொரு கையில் ஊன்றுகம்பு. வேனிலிருந்து இறங்குகிறவர்களை ஒவ்வொருவராக முகம் பார்த்து, தங்கள் பிள்ளை இறங்கியதும்தான் அவர்கள் வீட்டுப் பக்கம் திரும்புகிறார்கள்.